அலுவல் இல்லாமல் கொழும்புக்கு: சிறு பிள்ளைகளோடு குறைந்த செலவில் ஒரு பயணம்

வன்னியில் இருந்து ஒருவர் கொழும்புக்குப் போகிறார் என்றால் "என்ன அலுவல்?" என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கடவுச்சீட்டு எடுப்பது, மகரகம வைத்தியசாலையில் கிளினிக், வெளிநாடு போகும் மகனை விமான நிலையத்தில் விடுவது, காணாமல் ஆக்கப்பட்டவர் தொடர்பாக ஏதாவது ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுப்பது என்று பதிலும் ஆயத்தமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டப் போகிறோம் என்று சொல்பவர்கள் குறைவு. கையில் காசு இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். கொழும்பு என்பது காரணம் சொல்லிவிட்டுப் போகவேண்டிய இடம் என்று எங்களுக்குள் பதிந்துபோனது இன்னொரு காரணம்.

அது சும்மா பதிந்ததல்ல. போர்க்காலத்தில் கொழும்பில் தங்கிய வடக்கு, கிழக்குத் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் நிற்பீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருந்தவர்கள் என்பதே பொலிஸார் சொன்ன விளக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். ஆனால் 'காரணம் இல்லாமல் கொழும்பில் நிற்கக்கூடாது' என்ற எண்ணம் எங்கள் பெற்றோரின் மனத்தில் தங்கிவிட்டது.

இன்று அந்தப் பதிவு இல்லை. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் இருந்து மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015இல் எடுக்கப்பட்டது. போர் முடிந்த பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கொழும்பு தொலைக்காட்சியில் தெரியும் ஒரு நகரம் மட்டுமே. அவர்கள் அதை எந்த அலுவலும் இல்லாமல், வெறுமனே பார்ப்பதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கடந்த ஓகஸ்ட் தவணை விடுமுறையில் நானும் கணவரும் ஏழு வயது மகள், நான்கு வயது மகன், என் அம்மா ஆகியோரோடு கிளிநொச்சியில் இருந்து மூன்று நாள் பயணமாகப் போய்வந்தோம். கடன் வாங்காமல் அப்படி ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்பதே இந்தக் கட்டுரை.

காசை எப்படிப் பிரிப்பது

வெளியூர்ப் பயணத்தில் பார்க்கும் இடங்களுக்கான கட்டணம் மிகச் சிறிய செலவு. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு ஆகிய மூன்றும்தான் காசைத் தின்பவை. ஆகவே எந்த இடத்தைப் பார்ப்பது என்று யோசிக்க முன்னர் இந்த மூன்றையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். விலைகள் அடிக்கடி மாறுவதால் நான் இங்கே ரூபாயில் எழுதவில்லை. ஏழாவது மாதம் போக நினைத்தால் முதல் மாதமே ஒரு உண்டியலைத் தொடங்கலாம். சீட்டுப் பிடிப்பவர்கள் தங்கள் முறை வரும் மாதத்தைப் பயணத்துக்கு ஒதுக்கலாம். நுண்கடன் எடுத்துப் போகும் பயணம் மட்டும் வேண்டாம். திரும்பி வந்த பிறகு கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரரைப் பார்க்கும்போது, பயணத்தின் சந்தோசம் எதுவும் மிஞ்சாது.

நாங்கள் நான்கு கடித உறைகளில் காசைப் பிரித்து வைத்தோம். ஒன்று போக்குவரத்து, ஒன்று தங்குமிடம், ஒன்று சாப்பாடு. நான்காவது உறை அவசரத்துக்கு. அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு சிறிய தொகையை அவர்கள் கையிலேயே கொடுத்தோம். விளையாட்டுச் சாமானோ ஐஸ்கிரீமோ அவர்களே தீர்மானிக்க வேண்டும், முடிந்தால் முடிந்தது. கடைக்குக் கடை நின்று அழுகிற பிரச்சினை அதோடு பெருமளவு தீர்ந்தது.

போக ரயில், வர பஸ்

போகும்போது பகல் ரயில் நல்லது. நேரம் கூடத்தான் எடுக்கும். ஆனால் சிறு பிள்ளைக்கு ரயிலே முதலாவது காட்சி. வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, குருணாகல், பொல்கஹவெல என்று ஊர்கள் மாறுவதையும், பனை குறைந்து தென்னை கூடுவதையும் ஜன்னலால் காட்டிக்கொண்டு போகலாம். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. பஸ்ஸில் இந்த இரண்டும் இல்லை. விடுமுறைக் காலத்தில் ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும் என்பதால் முன்பதிவு தொடங்கியவுடனேயே எடுத்துவிடுங்கள். நேர அட்டவணையும் பாதைத் திருத்த வேலைகளால் மாறுவதுண்டு. அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம்.

வரும்போது இரவு பஸ். வெள்ளவத்தையில் இருந்து இரவில் வடக்குக்குப் புறப்படும் பஸ்கள் உள்ளன. பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள், ஓர் இரவு அறை வாடகையும் மிஞ்சும். விடியமுன் கிளிநொச்சியில் இறங்க நேரும் என்பதால் வீட்டில் இருந்து யார் வந்து ஏற்றுவது என்பதை முதலே பேசி வையுங்கள். நடுச்சாமத்தில் ஓட்டோ பிடிப்பது செலவும் சிரமமும். போகும்போது இரவு பஸ்ஸில் போகவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதிகாலை வெள்ளவத்தையில் இறங்கும் குடும்பத்துக்கு மதியம் வரை அறை கிடைப்பது அரிது. நித்திரை குழம்பிய பிள்ளைகளோடு முதல் நாள் முழுவதும் வீணாகும்.

தங்குமிடமும் சாப்பாடும்

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நாள் வாடகை அறைகளும் சிறு வீடுகளும் உள்ளன. உறவினர் வீடு இருந்தால் நல்லது. ஆனால் கொழும்புத் தொடர்மாடி வீட்டில் ஐந்து பேர் மூன்று நாள் நிற்பது வீட்டுக்காரருக்கும் பாரம். ஓர் இரவு உறவினர் வீடு, ஓர் இரவு அறை என்று பிரிப்பது இரு பக்கத்துக்கும் ஆறுதல். அறை எடுக்கமுன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா? எத்தனையாவது மாடி, லிப்ட் இருக்கிறதா? சுடுதண்ணீர்க் கேத்தல் பாவிக்கலாமா? அறையை விட்ட பிறகு இரவு பஸ் வரை பொதிகளை வைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் அந்த அறையையே எடுங்கள்.

அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். அறை பதியும்போது கேட்பார்கள். நூதனசாலை, மிருகக்காட்சிசாலை போன்ற இடங்களில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு, வித்தியாசம் பெரியது. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த சித்தப்பா குடும்பத்தோடு சேர்ந்து போகிறவர்கள் இதை முதலே கணக்கில் எடுங்கள். அம்மா கிராம சேவகரின் கடிதமும் ஒன்று எடுத்து வந்திருந்தார். இப்போது அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது பையில் இருந்தால் அவருக்கு நித்திரை வரும் என்றால் இருக்கட்டும்.

காலைச் சாப்பாட்டை அறையிலேயே முடிப்பது பெரிய மிச்சம். பாண், வாழைப்பழம், கேத்தல் தண்ணீரில் பால்மா போதும். ரயிலுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் கட்டிச் சம்பலும் கொண்டு போனோம். மதியம் வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் சோறு. பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு எடுக்காமல் ஒன்றைப் பகிர்ந்தால் போதும். இரவில் இடியப்பம் அல்லது தோசை பார்சல். தண்ணீர்ப் போத்தலை ஒவ்வொரு இடத்திலும் வாங்கினால் மூன்று நாளில் அது ஒரு சாப்பாட்டுச் செலவாகிவிடும். ஆளுக்கொரு போத்தலை வீட்டில் இருந்தே கொண்டு போங்கள்.

நாளுக்கு இரண்டு இடம் போதும்

நான்கு வயதுப் பிள்ளையோடு ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்க முடியாது. பார்த்தால் பின்னேரம் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிறகு ஓட்டோ, பிறகு சோடா, பிறகு சமாதானப்படுத்த விளையாட்டுச் சாமான் என்று செலவு வளரும். காலையில் ஒன்று, வெயில் தாழ்ந்த பிறகு ஒன்று, இடையில் அறைக்குத் திரும்பி நித்திரை. இந்த ஒழுங்கே செலவையும் குறைக்கும். கட்டணம் கொடுத்துப் பார்க்கும் பெரிய இடம் முழுப் பயணத்திலும் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமரைக் கோபுரமா, தெஹிவளை மிருகக்காட்சிசாலையா என்று பிள்ளைகளிடமே கேட்டோம். மிருகக்காட்சிசாலை வென்றது. சுமார் 350 மீற்றர் உயரமான கோபுரத்தைக் கீழே நின்று பார்க்கக் காசு இல்லை.

நகரத்துக்குள் மலிவானதும் அழகானதும் கடலோர ரயில். வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போகும்போது இடது பக்க ஜன்னலோடு இருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை கடல் கூடவே வரும். ஐந்து பேரும் போய்வந்த செலவு, ஒரு முறை ஓட்டோவில் போகும் காசின் கால்வாசிக்கும் குறைவு. அலுவலக நேரங்களான காலை 7 முதல் 9 வரையும் மாலை 4.30 முதல் 6.30 வரையும் மட்டும் தவிருங்கள். அந்த நேரத்தில் வாசலில் தொங்கிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகளோடு ஏற முடியாது. ரயில் இல்லாத நேரத்தில் காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்கள் வெள்ளவத்தையையும் காலிமுகத்திடலையும் புறக்கோட்டையையும் இணைக்கின்றன. ஓட்டோ எடுக்கவேண்டி வந்தால் மீற்றர் உள்ளதாகப் பாருங்கள், அல்லது பிக்மீ, ஊபர் செயலிகளில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கட்டி முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு அவர் வைத்த கல் அங்கே இருக்கிறது. அந்தக் கல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஓட விடுங்கள். பட்டம், இறால் வடை, கச்சான், கடல் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

அதே திடலில்தான் 1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலத்துக்கு எதிராகத் தந்தை செல்வா தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிக்கப்பட்டார்கள். 2022இல் கோட்டாபய ராஜபக்ஷவை வீட்டுக்குப் போகச் சொல்லி மாதக்கணக்கில் மக்கள் கூடியதும் அங்கேதான். அந்த ஆண்டு மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சியும் கொடுக்கப்பட்டது. இவற்றை நான்கு வயது மகனுக்குச் சொல்லவில்லை. ஏழு வயது மகளுக்கு ஒரு பகுதியைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் பட்டத்துக்குப் பின்னால் ஓடிப்போனாள்.

விகாரமகாதேவி பூங்காவுக்கு உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஊஞ்சலும் சறுக்கியும் நிழல் மரங்களும் உண்டு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் தேசிய நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. சிறு பிள்ளைகளோடு எல்லா அறையையும் பார்க்க வேண்டாம், மூன்று பொருள்களைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டாக மாற்றுங்கள். முதலாவது கண்டி அரசர்களின் சிம்மாசனம். இரண்டாவது பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல நடராசர். மூன்றாவது காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் உள்ளன. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. ஆனாலும் தன்னுடைய மொழி அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவின் தெற்குக் கரையில் கல்லில் இருந்தது என்பது ஒரு பிள்ளைக்கு விளங்கும்.

மூன்றாம் நாள் காலை புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடைப் பக்கம் போகலாம். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் பிள்ளைகளுக்கு இனிப்புப் போலத் தெரியும், வெளியே நின்று பார்க்கலாம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களில் இருந்து ஆடிவேல் தேர் புறப்படும் கதையைச் சொல்லலாம். கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் வெயிலிலும் குளிர்ந்திருக்கும். அதற்குக் கிட்டவே புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த ஆலயங்களில் அதுவும் ஒன்று. அங்கே மெழுகுதிரி கொளுத்தும் தாய்மாரில் பலர் தமிழர்கள். கொழும்பு எங்களுக்கு அந்நிய ஊர் அல்ல என்பதைக் காட்ட இந்த நாலைந்து தெருக்கள் போதும். புறக்கோட்டையின் நெரிசலில் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று பொறுப்பைப் பிரித்துவிடுங்கள்.

எங்கள் பயங்களும் பிள்ளைகளின் கேள்விகளும்

கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவுவது எந்தத் தாய்க்கும் பயம். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நின்றவர்களுக்கு அது வேறு மாதிரியான பயம். அதைப் பிள்ளைக்குக் கடத்தாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் முன்கையில் பேனாவால் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். காலையில் புறப்படும்போது பிள்ளைகளைப் படம் எடுத்து வையுங்கள், உடுப்பின் நிறம் படத்தில் இருக்கும். தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிக் கொடுங்கள். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவி 1929 ஆகிய இலக்கங்கள் உங்கள் போனில் இருக்கட்டும்.

போகும் திகதியையும் யோசியுங்கள். பெப்ரவரி 4 சுதந்திர தின நிகழ்வு காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ நடக்கும். அதற்கு முந்திய நாள்களில் ஒத்திகைக்காக வீதிகள் மூடப்படும், விமானங்கள் தாழப் பறப்பதும் உண்டு. பிள்ளைகள் கைதட்டுவார்கள். கிபிர் குண்டுவீச்சில் பதுங்குகுழிக்குள் இருந்த அம்மம்மாவுக்கு அந்தச் சத்தம் தாங்காது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நகரம் வெறிச்சோடிக் கடைகள் பூட்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் மழை குறைவு. டிசெம்பர் விடுமுறையில் போவதானால் வெளியே பார்க்கும் இடங்களைக் காலையிலேயே முடியுங்கள்.

"இவர்கள் ஏன் எங்களை மாதிரிக் கதைக்கவில்லை?" என்பது என் மகனின் முதல் கேள்வி. இரண்டு மூன்று சிங்களச் சொற்களைப் போகமுன் சொல்லிக் கொடுத்திருந்தோம். 'கீயத' என்றால் எவ்வளவு, 'வதுர' என்றால் தண்ணீர், 'ஸ்தூதி' என்றால் நன்றி. கச்சான் விற்ற ஐயாவிடம் மகள் 'கீயத' என்று கேட்டாள். அவர் தமிழில் விலை சொன்னார்.

சீருடை போட்டவர்களைக் கண்டதும் அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்தார், பையைத் திறக்க ஆயத்தமானார். "அம்மம்மா ஏன் பையைத் திறக்கிறா?" என்று மகள் கேட்டாள். முந்தி இங்கே வந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும், ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று அம்மாவே பதில் சொன்னார். மகள் அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்கள் சும்மாதானே வந்தனாங்கள்" என்றாள். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் அன்றே சொல்லிமுடிக்க வேண்டியதில்லை. கேட்ட அளவுக்கு, உண்மையாக, பயமுறுத்தாமல் சொன்னால் போதும். மிச்சத்தை அவர்கள் வளர வளரக் கேட்பார்கள்.

கொழும்பு இப்போது கைக்கு எட்டவில்லை என்றால் இதே கணக்கை யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ போடலாம். ஒரு நாளில் போய்வரலாம், அறைச் செலவே இல்லை. காலையில் ஓர் இடம், பின்னேரம் ஓர் இடம், கட்டணம் ஒன்றுக்கு மட்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாமல் வகுப்பில் நின்றுபோன பிள்ளை எங்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு நாளே பெரிது. இந்தத் தவணை விடுமுறைக்கு முடியாவிட்டால் அடுத்ததற்குப் பாருங்கள். எப்போது போவோம் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி, உண்டியலில் முதல் காசை அவர்களையே போடச் சொல்லுங்கள்.